இருபது சென்டிமீட்டரும் சுவரில் ஒரு பெயரும்

ரோட்டர்டாமில் மாஸ் ஆற்றங்கரைப் பழைய தானியக் கிடங்கு இப்போது கலைக்கூடம். பெரிய பெரிய ஆட்கள் வந்து செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, இருட்டறையில் நின்று, புகைமூட்டத்தில் வழி தெரியாமல் முட்டிக்கொண்டு, வெளியே வந்து "ஆகா" என்கிறார்களே, அந்த அறைகளில் ஒன்றுகூட லேன் க்வாக்கர்நாக்கின் கை படாமல் எழுந்ததில்லை. முப்பத்தோரு வருஷம். சும்மா சொல்லவில்லை, போய் எந்தச் சுவரையாவது தட்டிப் பாருங்கள். மரச்சட்டமும் பலகையும் வைத்து எழுப்பிய சுவர், கருங்கல் மாதிரி நிற்கும்.

கலைஞர்கள் வருவார்கள். ஒருத்தருக்குக் கூரைக்குக் கீழே மழை பெய்ய வேண்டும், ஆனால் யாரும் நனையக் கூடாது. இன்னொருத்தருக்கு நாற்பதாயிரம் நூல் தொங்க வேண்டும், ஒன்றுகூடச் சிக்கக் கூடாது. கூடத்தை வடிவமைக்கிற படித்த பிள்ளைகள் அதைக் கம்ப்யூட்டரில் அழகாக வரைந்து கொடுப்பார்கள். வரைந்ததைத் தூக்கி நிறுத்துகிறவர் லேன்.

பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். "நான் எங்க விட்டேன்? அதுதான் என்னை விட்டுச்சு" என்பார். கப்பல் கட்டும் துறையில் கேபின்களுக்குத் தச்சு வேலை கற்றுக்கொண்டார். துறையை மூடிய பிறகு இந்தக் கிடங்குக்கு வந்தார். முதல் நாள் யாரோ, "கலைப் பொருள் வேலையெல்லாம் தெரியுமா?" என்று கேட்டார்களாம். "கப்பலுக்குள்ள ரூம் கட்டினவன் நான். ரூமுக்குள்ள கடல் கட்டறது பெரிய வேலையா?" என்று கேட்டுவிட்டுக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அந்தக் கோட்டு இன்னும் அதே ஆணியில்தான் தொங்குகிறது.

சட்டைப் பையில் எப்போதும் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பித்தளை ரசமட்டம் இருக்கும். கண்ணாடிக் குழாயில் சின்னக் குமிழி. பிறந்தநாள் வீடுகளுக்குப் போனால், நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எல்லோரும் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, இவர் மட்டும் எழுந்துபோய் அலமாரிமேல் ரசமட்டத்தை வைப்பார். மனைவி கோரியின் அக்கா யான்ஸ், பக்கத்து ஊரான ஸ்கீடாமில் இருக்கிறவள், இதற்காகவே அவரைக் கூப்பிடப் பயப்படுவாள்.

"கோணலாத்தான் இருக்கு, யான்ஸ்."

"எனக்கு நேராத்தான் தெரியுது."

"உனக்குத் தெரியும். குமிழிக்குத் தெரியலையே."

யான்ஸ் சும்மா இருக்கிறவள் இல்லை. "அவ்வளவு பெரிய வேலைக்காரர்னா, உங்க பேரு அங்க எந்தச் சுவத்துல இருக்கு?" என்று கேட்பாள். லேனுக்கு வலிக்கிற இடம் அதுதான். ஒவ்வொரு கண்காட்சியிலும் ஒரு பெயர்ச்சுவர் உண்டு. கலைஞர் பேர், வடிவமைப்பாளர் பேர், வெளிச்சம் போட்டவர், சத்தம் போட்டவர், ஒரு தடவை அறைக்குள் நாற்றம் கலந்துவிட்டவர் பேர்கூட இருந்தது. கட்டியவர் பேர் மட்டும் கிடையாது. முப்பத்தோரு வருஷமாக அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சுவரில் ஒட்டிவந்தவரும் லேன்தான்.

இந்த வருஷம்தான் அது மாறியது. ஃபாரோ தீவிலிருந்து வந்த சுன்வூர் என்ற பெண்மணி தன் அப்பாவின் சமையலறையை முழுசாக ஒரு அறையாகக் கட்டித் தரக் கேட்டிருந்தாள். பத்துப் பத்துப் பேராக வெறுங்காலோடு உள்ளே போக வேண்டும். அடுப்பு, திரை, விளக்கு, காப்பி வாசம், வெளியே காற்றின் இரைச்சல், ஜன்னலில் கடல். லேன் அவள் கொடுத்த ஒரே ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்துச் சாப்பாட்டு மேசையைச் செய்துவைத்தார். மேசையின் ஒரு மூலையை மட்டும் கொஞ்சம் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார். யாரும் சொல்லவில்லை. ஒரு மனிதன் நாற்பது வருஷம் எழுந்திருக்கும்போது கை ஊன்றுகிற இடம் அதுதான் என்று அவருக்கே தெரியும்.

சுன்வூர் அந்த மூலையில் தன் கையை ஊன்றிப் பார்த்தாள். பிறகு, "உங்க பேரு சுவத்துல வரணும், லேன். என் பேருக்கு அடுத்ததா" என்றாள்.

லேன் அன்றைக்குச் சைக்கிளில் வீட்டுக்குப் போனது அவருக்கே ஞாபகமில்லை. கோரியிடம் சொன்னார். கோரி ஊருக்கே சொன்னாள். திறப்பு விழாவுக்கு உறவில் பதினாலு பேர் வருவதாக ஏற்பாடு. யான்ஸ் புது உடுப்பே எடுத்துவிட்டாள்.

இங்கே ஒரு சங்கதி. அந்தச் சமையலறைக்கு ஒரு ரகசியம் இருந்தது. அது மூன்று பேருக்கு மட்டும்தான் தெரிய வேண்டும் என்று சுன்வூர் சத்தியம் வாங்கியிருந்தாள்: அவள், வரைபடம் போட்ட யெல்மர், கலைக்கூடத்து இயக்குநர் பெட்ரா. கட்டுகிறவர்களுக்கே தெரியக் கூடாது, தெரிந்தால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்றாள். அதனால் வரைபடத்தில் வெறும் எண்கள்தான் இருந்தன. அறை நிற்கிற மரக்கால்கள் ஆற்றுப்பக்கம் இருபது சென்டிமீட்டர், ஊர்ப்பக்கம் நாற்பது.

லேன் அதைப் பார்த்தார். கிடங்கின் சிமெண்டுத் தரை ஏற்கெனவே ஆற்றுப்பக்கம் கொஞ்சம் சரிவு, தானியம் போட்ட காலத்தில் கழுவிவிடுவதற்காக அப்படிப் போட்டது. அப்படியென்றால் அந்தப் பக்கம் கால் நீளமாகத்தானே இருக்க வேண்டும்? "பையன் காலை மாத்திப் போட்டுட்டான்" என்று முடிவு கட்டினார். யெல்மருக்கு முப்பத்தாறு வயது, ஆனால் லேனுக்கு ஐம்பதுக்குக் கீழே எல்லோரும் பையன்தான். போன வருஷம் இதே யெல்மர் வரைந்த வாசலில் ஒரு பொருளும் நுழையாது என்று கண்டுபிடித்து அகலமாக்கியதும் இவர்தானே? இந்தத் தடவையும் வாயைத் திறக்காமல் கணக்குப் போட்டு, ஒவ்வொரு காலையும் தானே அறுத்து, தரையைக் கண்ணாடி மாதிரி நேராக்கினார். திறப்பு விழாவில் ஒரு கிளாஸ் உள்ளே போன பிறகு எல்லோர் முன்னாலும் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்.

யெல்மர் மூன்று தடவை உள்ளே போய்விட்டு வந்தான். மூன்று தடவையும் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தான். "பயங்கரம். வயித்தைப் பெரட்டுது" என்றான். பெட்ரா உள்ளே போய்ச் சுவரைப் பிடித்தபடி வந்து, அறிமுகப் பலகைக்கு ஒரு பத்தி எழுதினாள்: உடம்பு தன் பிடிமானத்தை இழக்கும் இடம் இது என்று. தரையோ அசையாமல், ஒரு மயிரிழைகூடச் சரியாமல் கிடந்தது.

திறப்பு விழா சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. தீவில் மூடுபனி, விமானம் நேரத்துக்குக் கிளம்பவில்லை. அறை எழும்புவதற்கு முன்பே ஊருக்குப் போயிருந்த சுன்வூர் அன்று காலை பத்து மணிக்குத்தான் பெட்டியோடு நேராகக் கூடத்துக்கு வந்து சேர்ந்தாள். பெட்ரா, யெல்மர், காவலாளி அர்லிந்தோ, லேன் எல்லோரும் அறை வாசலில் நின்றார்கள். எதிர்ச்சுவரில் புதுசாக ஒட்டிய எழுத்துகள். சுன்வூர் பேர், அதற்கடுத்து லேன் க்வாக்கர்நாக்.

சுன்வூர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். நடுவில் நின்றாள். கண்ணை மூடினாள், திறந்தாள். பைக்குள்ளிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்துத் தரையில் வைத்தாள்.

பழம் அப்படியே நின்றது.

அவள் விரலால் லேசாகத் தள்ளினாள். ஒரு சாண் உருண்டு, யோசித்து, நின்றுவிட்டது.

வாசலிலிருந்து லேன் சிரித்தார். "உருளாதும்மா. அது நான் போட்ட தரை." வெறுங்காலோடு உள்ளே வந்து பித்தளை ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். "வா, நீயே பாரு. குமிழி எங்க நிக்குது? நட்ட நடுவுல. அந்த மூலைல வை, அங்கயும் நடுவுல. இந்த ஊர்ல எந்தப் பணக்காரன் வீட்டுலயாவது இப்படி ஒரு தரையைக் காட்டச் சொல்லு. யெல்மர் காலை மாத்தி வரைஞ்சிருந்தான், இருபது சென்டிமீட்டர். நான்தான் சரி பண்ணேன். யார்கிட்டயும் சொல்லல. பையன் பேரு கெட வேண்டாமேன்னு."

சுன்வூர் அவரைப் பார்க்கவில்லை, யெல்மரைப் பார்த்தாள். யெல்மரின் முகம் பிளாஸ்டர் பூசிய சுவர் மாதிரி ஆகிவிட்டது.

"ஆனா எனக்குத் தலை சுத்துச்சே" என்றான்.

"காலைல சாப்பிட்டியா?" என்று கேட்டான் அர்லிந்தோ.

பெட்ரா மெதுவாகத் தான் பிடித்திருந்த சுவரிலிருந்து கையை எடுத்தாள்.

"லேன்," என்றாள் சுன்வூர். குரல் உயரவில்லை, அதுதான் மோசம். "அந்த இருபது சென்டிமீட்டர்தான் இந்த வேலையே. எங்க அப்பா வீடு சரிவுல இருக்கு. வருஷா வருஷம் கடல் பக்கம் சாஞ்சுகிட்டே போச்சு. எங்களுக்குப் பழகிடுச்சு. வர்றவங்க மட்டும் தடுமாறுவாங்க, ஏன்னு அவங்களுக்கே தெரியாது. அப்பா அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார். சாயலைன்னா இது எங்க வீடு இல்ல. ஏதோ ஒரு நல்ல சமையலறை."

லேன் குனிந்து ரசமட்டத்தை எடுத்தார். பையில் போடப் பார்த்தார், பை எங்கே என்று கைக்குத் தெரியவில்லை. வெளியே போய், எதிர்ச்சுவரில் தன் பேரின் முதல் எழுத்தை நகத்தால் உரிக்க ஆரம்பித்தார். லேன் என்பது முழுக்க வந்துவிட்டது. க்வாக்கர்நாக் மட்டும் அநாதையாக நின்றது.

"என்ன பண்றீங்க?" சுன்வூர் பின்னாலேயே வந்திருந்தாள்.

"நீ சொல்றதுக்கு முன்னாடி நானே எடுத்துடறேன்."

"உங்க பேரைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே. அஞ்சு மணிக்குத் தரை சாஞ்சிருந்தா உங்க பேரு இருக்கட்டும். சாயலைன்னா என் பேரையும் சேர்த்து உரிச்சிடுங்க, கதவைச் சாத்திடலாம்."

"மறுபடி அவ்வளவும் பிரிச்சுக் கட்டணும்னா ஒரு வாரம் ஆகும்" என்றாள் பெட்ரா. அழுகிற நிலைமை. "மேயர் வர்றார், லேன்."

பிரிக்க வேண்டும் என்ற சொல் காதில் விழுந்ததும்தான் லேனுக்கு உயிர் வந்தது. "யாரு பிரிக்கிறது? நான் கட்டினதைப் பிரிக்க ஒருத்தன் பொறக்கணும். அப்படியே தூக்கறேன், முழு ரூமையும். கப்பல்ல இன்ஜினையே தூக்கியிருக்கோம். அர்லிந்தோ, உன் மச்சான் மெக்கானிக் ஷெட்ல எத்தனை ஜாக்கி இருக்கு?"

"எட்டு. ஆனா சனிக்கிழமை அவன் யாருக்கும் குடுக்க மாட்டான்."

"மேயர் கேக்கறார்னு சொல்லு."

ஜாக்கிகள் வந்து சேர மணி பன்னிரண்டு. பெட்ரா, "சரி, ஆரம்பிக்கலாம்" என்று கையைத் தட்டினாள். லேன் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார். பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி நாலு துண்டு, ஒரு குவளை மோர்.

"லேன்!"

"மணி பன்னண்டு."

"அஞ்சு மணிக்குத் திறப்பு விழா!"

"வெறும் வயித்துல தூக்கினா கை நடுங்கும். கை நடுங்கினா ரூம் முறுக்கிக்கும். நீயும் உக்காந்து ஒரு துண்டு சாப்பிடு, உன் கையும்தான் வேணும்."

"என் கையா?"

"எட்டு ஜாக்கி. எட்டுப் பேரு. மூணு டன்னை நான் ஒருத்தனா தூக்குவேன்?"

ஒரு மணிக்கு ஊர்ப்பக்கச் சுவருக்கு அடியில் எட்டு ஜாக்கிகள் வரிசையாக உட்கார்ந்தன. அவற்றின் முன்னால் மண்டியிட்டவர்கள்: இயக்குநர் பெட்ரா, யெல்மர், சுன்வூர், அர்லிந்தோ, பெயிண்டர்கள் இரண்டு பேர், உணவுக்கூடத்துச் சமையல்காரர். எட்டாவதுக்கு ஆளில்லை. அந்த நேரம் பார்த்துக் கோரி வந்தாள். முடியைச் சுருட்டி, நல்ல கோட்டுப் போட்டு, புகைப்படக் கருவியோடு. கூட்டம் வருவதற்கு முன்பே பேரைப் படம் எடுத்துவிடலாம் என்று.

எதிர்ச்சுவரைப் பார்த்தாள். "லேன், உன் பேருல பாதியைக் காணோம்."

"தெரியும்."

"என்ன ஆச்சு?"

எட்டு ஜோடிக் கண்கள். லேன் தொண்டையைச் செருமினார். "தரையை ரொம்ப நேரா போட்டுட்டேன்."

"அது ஒரு தப்பா?"

"இங்க தப்பு."

கோரிக்கு அவரோடு நாற்பத்திரண்டு வருஷம். நாற்பத்திரண்டு வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டது அன்றைக்குத்தான். கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு எட்டாவது ஜாக்கிக்கு முன்னால் மண்டி போட்டாள்.

"நான் ரெண்டுன்னு சொன்னா கைப்பிடியை ரெண்டே தடவை அடிக்கணும். மூணு கிடையாது, ஒண்ணரை கிடையாது. ரெண்டு!"

எட்டுக் கைப்பிடிகளும் இறங்கி ஏறின. அறை ஒரு முனகல் முனகியது.

"ரெண்டு! ... யெல்மர், நீ மூணு அடிச்சே."

"இல்லையே."

"நீ இல்லைங்கற, ரூம் ஆமாங்குது. அடுத்த தடவை ஒண்ணு. மத்தவங்க ரெண்டு!"

"மேயரை நான் இந்த நகத்தோடதான் வரவேத்தாகணும்" என்றாள் பெட்ரா.

"அவருக்கும் ஒரு ஜாக்கி குடுத்துடலாம். ரெண்டு!"

ஒரு சென்டிமீட்டர் ஏறினால் ஒரு கட்டை சொருகுவார், அடுத்ததற்குப் போவார். மூன்று மணிக்கு இருபது வந்துவிட்டது. ஒரு பலகை விரியவில்லை, ஒரு மூலை பிரியவில்லை. அப்படிக் கட்டியிருந்தார், வேறென்ன சொல்ல? மேசையில் இருந்த பீங்கான்களும் நகரவில்லை, எல்லாவற்றுக்கும் அடியில் முன்கூட்டியே மெழுகு வைத்து ஒட்டியிருந்தார்.

சுன்வூர் உள்ளே போய் ஆரஞ்சை வைத்தாள். அது விறுவிறுவென்று உருண்டு ஜன்னல் சுவரில் முட்டியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். உடனே கையை எடுத்துவிட்டு மேலே காட்டினாள். "விளக்கு!"

அறை சாய்ந்துவிட்டது, சங்கிலியில் தொங்கிய விளக்கு சாயவில்லை. செங்குத்தாகத் தொங்கி, அறை சாய்ந்திருக்கிறது என்று எல்லோருக்கும் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. அடுப்புக்கு மேலே மாட்டிய கரண்டியும் அப்படியே. ஜன்னல் திரையும் அப்படியே.

வாழ்நாள் முழுக்கத் தூக்குக்குண்டை நம்பிப் பிழைத்த மனிதர். அவரே ஏணி போட்டு ஏறி, சங்கிலிக்குள் கம்பியைச் செருகி, விளக்கைக் கோணலாக நிறுத்தி வைத்தார். ஒவ்வொரு முறுக்குக்கும் அவர் முகம் பல் பிடுங்கிக்கொள்கிறவர் முகம் மாதிரி ஆயிற்று. "கொஞ்சம் கோணல்... இன்னும் கோணல்" என்று கீழேயிருந்து சுன்வூர் சொல்லச் சொல்ல, "இதுக்காடா கைத்தொழில் கத்துக்கிட்டேன்" என்று முணுமுணுத்தார். கரண்டியை ஆணியடித்துச் சாய்த்தார். திரையின் மடிப்புகளுக்குள் கம்பி தைத்தாள் கோரி.

நாலரை மணிக்கு எல்லாம் முடிந்தது. லேன் உரித்த எழுத்துகளை எடுத்துவந்து, ரசமட்டத்தை இரண்டு தடவை வைத்துப் பார்த்து, தன் பேரின் முதல் பாதியைத் திரும்ப ஒட்டினார். நேர்க்கோடு. குமிழி நட்ட நடுவில்.

ஐந்து மணிக்குக் கூட்டம் வந்தது. மேயர் பேசினார். பொரித்த இறைச்சி உருண்டைகளும் ஒயினும் சுற்றி வந்தன. பத்துப் பத்துப் பேராக உள்ளே போனார்கள். வெளியே வந்தவர்கள் சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள். சிலர் அடியெடுத்து வைக்கவே யோசித்தார்கள். ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதற்கென்று தெரியவில்லை என்றார். சுன்வூர் ஒரு ஓரத்தில் நின்று, தடுமாறுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

யான்ஸும் உள்ளே போய்விட்டு வந்தாள். வந்தவள் எதிர்ச்சுவரைப் பார்த்தாள். தலையை இப்படிச் சாய்த்தாள், அப்படிச் சாய்த்தாள். அவள் முகத்தில் முப்பது வருஷத்துச் சந்தோஷம் மெல்ல மெல்ல ஏறியது.

"லேன்," என்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள், "உங்க பேரு கோணலா இருக்கு."

"என்னது?"

"கோணல். இந்தப் பக்கம் எறங்குது."

அவளோடு உள்ளே போய் வந்த ஒன்பது பேரும் தலையாட்டினார்கள். "ஆமா, கொஞ்சம் கோணல்தான்." கோரியும் உள்ளே போய்விட்டு வந்தவள். வருத்தத்தோடு, "எனக்கும் அப்படித்தான் தெரியுது, லேன்" என்றாள்.

லேன் ரசமட்டத்தை எழுத்துகளுக்கு அடியில் வைத்தார். குமிழி நடுவில். திருப்பி வைத்தார். நடுவில்.

"உங்க குழாய் கெட்டுப்போச்சு" என்றாள் யான்ஸ்.

லேன் ரசமட்டத்தைப் பையில் போட்டார். முப்பத்தோரு வருஷத்தில் தான் கட்டிய எந்த அறைக்கும் அவர் பார்வையாளராகப் போனதில்லை. கட்டுவேன், பார்க்க மாட்டேன் என்பார். இப்போது போய் வரிசையில் நின்றார். ஷூவையும் காலுறையையும் கழற்றினார். மேயருக்குப் பின்னால் உள்ளே போனார்.

பத்து நிமிஷம். காப்பி வாசம், காற்று, ஜன்னலில் கடல். எந்தத் திருகு எங்கே இருக்கிறது என்று அத்தனையும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் கால் என்னவோ செய்தது. எதையாவது பிடிக்கலாம் என்று கையை நீட்டினார். கை போய் ஊன்றிய இடம் மேசையின் தேய்ந்த மூலை.

வெளியே வந்து எதிர்ச்சுவரைப் பார்த்தார்.

கோணல். சந்தேகமே இல்லை, அந்தப் பக்கம் இறங்கிக் கிடந்தது. கிட்டப் போய் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் நின்று அவரையே பார்த்தது.

"சொல்லுங்க, குழாய் என்ன சொல்லுது?" என்றாள் யான்ஸ்.

"நேருங்குது."

"கண்ணு?"

"கோணலுங்குது."

"அப்ப ரெண்டுல எது பொய்?"

லேன் வெறுங்காலோடு நின்று யோசித்தார். அப்புறம் அவர் நெஞ்சு மெல்ல நிமிர்ந்தது. கூடத்தில் இருக்கிற எல்லோரும் கேட்க வேண்டுமே என்று குரலை எடுத்துவிட்டுச் சொன்னார்:

"யான்ஸ், அறுபத்தஞ்சு வருஷமா இந்தக் கண்ணை ஏமாத்த இந்த ஊர்ல ஒருத்தனாலயும் முடியல. இன்னிக்கு ஒருத்தன் ஏமாத்திட்டான்." சுவரை விரலால் தட்டிக் காட்டினார். "அவன் பேருதான் இது. நல்லா படிச்சுக்கோ."

படித்துவிட்டுத்தான் அவள் போனாள். அவர் ரசமட்டத்தைப் பையில் போட்டுக்கொண்டு, ஷூவைத் தேடாமல், மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றார்.